பின்னங்காலில் ஒட்டியிருந்த மண்

ஒரு வண்டின் பின்னங்காலில் ஒட்டியிருந்த சிவப்பு மண்ணை, ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷ்ஷால் நான் துடைத்தேன். தெரியாமல் செய்யவில்லை. அது எந்தப் பக்கத்து மண் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் துடைத்தேன். துடைத்துவிட்டு, அந்த வண்டு வேறோர் இடத்தில் கிடைத்ததாகச் சீட்டு எழுதி, அதன் ஊசியிலேயே குத்தினேன். அந்தச் சீட்டை நம்பி ஒரு பெண் தன் வாழ்க்கையின் மூன்று வருடங்களை இழந்தார்.

மாவட்டத்தின் பூச்சிக் கணக்கெடுப்பை நடத்திவரும் நீங்கள், உங்கள் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். "பெருமையா ஒரு விஷயம் எழுதுங்க சார்" என்றும் சொன்னீர்கள். பெருமை இருக்கிறது. புதுக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் முப்பத்தொரு வருடம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தேன். வறண்ட மாவட்டம், பொட்டல், கருவேலங்காடு என்று வெளியூர்க்காரர்கள் சொல்லும் இந்த மண்ணில் குனிந்து குனிந்து நான் சேர்த்த வண்டுகள் நாற்பது கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. அவற்றைப் பார்ப்பதற்கென்றே வெளிமாநிலத்திலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். அந்தப் பெருமையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த நாற்பதில் ஒரு பெட்டியை உங்கள் முன்னால் திறந்து காட்டாமல் மற்றவற்றைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

இருபது வருடம் இருக்கும். மாணவர்களை ஒரு நாள் களப்பயணமாகக் கூட்டிப்போனேன். காலையில் குளத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாய். அந்தக் கண்மாயை எங்கள் கல்லூரி தத்து எடுத்து, கரையில் பெயர்ப்பலகையும் நட்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பு. ஒவ்வொருவர் கையிலும் ஸ்பிரிட் ஊற்றிய சின்னப் புட்டி, ஒரு துண்டுக் காகிதம், ஒரு பென்சில். பூச்சியைப் புட்டிக்குள் போடுவதற்கு முன்னால் இடத்தையும் நேரத்தையும் எழுதிக் காகிதத்தை உள்ளே போட வேண்டும். சீட்டு இல்லாத புட்டிக்கு ரெக்கார்டில் மார்க் குறைப்பேன் என்று பஸ்ஸில் ஏறும்போதே மிரட்டியிருந்தேன்.

தோப்பில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கையில் அகப்பட்டதை அள்ளிப் போட்டுக்கொண்டு எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

மறுநாள் சனிக்கிழமை, ஆய்வகத்தில் புட்டிகளை வரிசையாக வைத்தேன். ஒரே ஒரு புட்டியில் சீட்டு இல்லை. மூடியைத் திறந்தேன். ஸ்பிரிட் வாடையையும் மீறிக்கொண்டு பினாயில் வாடை மூக்கில் ஏறியது. உள்ளே சருகுத் துணுக்குகளோடு அது கிடந்தது.

அந்த நிறத்தை எப்படிச் சொல்வது? தலையும் கழுத்துக் கவசமும் துலக்கிய செப்புக்குடத்தின் சிவப்பு. சிறகுறை, அதாவது முதுகை மூடியிருக்கும் ஓடு, நாற்றங்காலின் பச்சை. ஓரத்துக்கு வர வர ஊதா. வால் பக்கம் இரண்டு மஞ்சள் பொட்டு. ஓடு நெடுக உழவு போட்டது போலக் கோடுகள். சுண்டுவிரல் நகம் இரண்டைச் சேர்த்துவைத்த நீளம்தான் இருக்கும்.

பச்சையாக மினுமினுத்தால் நம் ஊரில் எல்லாம் பொன்வண்டுதான். தீப்பெட்டிக்குள் போட்டு வளர்ப்பார்களே, அது. ஆனால் பொன்வண்டு மரத்து ஜீவன். உடம்பு படகு மாதிரி இருக்கும், கால் குட்டை. இதற்குக் கால் நீளம், மெலிவு, ஓடுவதற்கென்றே வார்த்தது. தாடை கத்தரி மாதிரி. இது இரை பிடிக்கும் வண்டு. தரை வண்டுக் குடும்பம். புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். பொட்டின் வடிவம், கோடுகளின் எண்ணிக்கை, கழுத்துக் கவசத்தின் மூலை என்று ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பிற்பகலில் ஒரு பெயருக்கு வந்து சேர்ந்தேன். தமிழ்நாட்டில் அதைப் பார்த்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். நம் மாவட்டத்தில் யாரும் பார்த்ததாக எழுத்தில் இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து ஆய்வகத்தை இரண்டு முறை சுற்றி நடந்தேன். அந்தப் பிற்பகலின் பெருமை சுத்தமானது. அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதன் இனத்தைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது: நீர்க்கரைகளில் வாழ்வது. நீர்க்கரை என்றால் கண்மாய்தானே? அந்த நேரம் பார்த்து எங்கள் கல்லூரி முதல்வர் உள்ளே வந்தார். கல்லூரியை மதிப்பிட வரும் வெளிக்குழு ஒன்று திங்கட்கிழமை எங்கள் கண்மாயைப் பார்க்க வருவதாக இருந்தது.

"என்ன சார், கண்மாய்ல ஏதாவது கெடைச்சுச்சா? சும்மா கொக்கு, நாரைன்னா எல்லா ஊர்லயுந்தான் இருக்கு."

"கெடைச்சிருக்கு சார். நம்ம மாவட்டத்துக்கே புதுசு."

"கண்மாய்லதானே?"

"கண்மாய்லதான் சார்."

அவர் அங்கேயே நின்று பத்திரிகைக்காரர் ஒருவருக்குப் போன் போட்டார்.

மறுநாள் ஞாயிறு, சரிபார்ப்பதற்காக வண்டைப் புரட்டினேன். தரை வண்டு என்று அடித்துச் சொல்ல ஓர் அடையாளம் உண்டு. பின்னங்கால் உடம்போடு சேரும் இடத்தில் அவரை விதை போல ஒரு துண்டு துருத்திக்கொண்டிருக்கும். அது இருந்தது. அந்த விதைக்கும் வயிற்றுக்கும் நடுவே, ஸ்பிரிட்டிலும் கரையாமல், குங்குமத் துளி அளவு மண் அப்பியிருந்தது. செக்கச் சிவந்த மண்.

குளத்தூர்க் கண்மாயின் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கும் பகுதியில், மண் சாம்பல் நிறக் களிமண். காய்ந்தால் வெடிக்கும், ஈரத்தில் வழுக்கும். சிவப்பு மண் முந்திரித் தோப்பில்தான். நான் அந்த இரண்டு இடங்களிலும் முந்தாநாள்தான் முழங்கால் போட்டிருந்தேன். என் பேண்ட்டின் முழங்காலில் இரண்டு நிறமும் துவைக்காமல் இருந்தது.

எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் திருச்சியில் இருந்தார். அவரிடம் ஒரு பெட்டிக்கு "இடம் தெரியாது" என்று பெயர். அவர் சேர்த்ததில் மிக அழகான பூச்சிகள் சில அதற்குள்தான் கிடந்தன. நாங்கள் அந்தப் பெட்டியை அவர் முதுகுக்குப் பின்னால் அநாதை ஆசிரமம் என்று கேலி பேசுவோம். ஒருநாள் நேராகவே கேட்டேன், இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன பயன் என்று. "இதுக்குள்ள இருக்கறது ஒண்ணுகூடப் பொய் சொல்லாதுய்யா" என்றார். "மத்த பெட்டிக்கு என்னால அப்படிச் சத்தியம் பண்ண முடியாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரை நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் பிரஷ்ஷை எடுத்தேன். புகைப்படத்துக்குச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு தடவை தடவியதும் மண் போய்விட்டது. பிறகு சீட்டு எழுதினேன். குளத்தூர் வட்டம், கண்மாய் உள்வாய். களத்தில் எழுதியது போலத் தெரியட்டும் என்று பென்சிலால் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை பேப்பரில் படம் வந்தது. புதன்கிழமை முதுகலை வகுப்பில் தேன்மொழி எழுந்து நின்றார். கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். அதிகம் பேசாதவர்.

"சார், எங்கம்மா பேப்பர்ல படத்தப் பாத்துட்டு, இது நம்ம தோப்புல கெடக்குற ஆஸ்பத்திரி வண்டுல்லன்னு கேட்டாங்க."

"என்ன வண்டு?"

"ஆஸ்பத்திரி வண்டு சார். கையில எடுத்தா பினாயில் வாடை அடிக்குமாம்."

வகுப்பு சிரித்தது. அந்தப் புட்டியைத் திறந்தபோது அடித்த வாடை என் மூக்கைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பேப்பரில் அது வரவில்லை. தோப்புக்காரப் பெண் ஒருவர் படத்தை மட்டும் பார்த்து வாடையைச் சொல்கிறார். இதைவிடச் சாட்சி எனக்கு என்ன வேண்டும்?

"பச்சையா மினுமினுன்னு இருந்தா எல்லாம் பொன்வண்டுதாம்மா" என்றேன். "உங்கம்மா அதைத்தான் பாத்திருப்பாங்க. உக்காரு."

உட்கார்ந்துவிட்டார். அடுத்த வருடம் என்னிடமே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். நான் கொடுத்த தலைப்பு, அந்தக் கண்மாயில் அந்த வண்டின் வாழ்க்கை.

தரை வண்டைப் பிடிக்கும் விதம் உங்களுக்குத் தெரியும். டம்ளரின் வாய் மண் மட்டத்துக்கு வரும்படி புதைத்து வைத்துவிட்டு, ஓடுகிற பூச்சி தானாக விழட்டும் என்று காத்திருப்பது. தேன்மொழி அந்தக் கண்மாய் முழுக்க டம்ளர் புதைத்தார். மாடு மிதித்தது. ஆடு மேய்ப்பவர்கள் தண்ணீர் குடிக்க எடுத்துப்போனார்கள். மழைக்காலத்தில் உள்வாய் முழுகினால் கரை மேட்டில் புதைப்பார். தண்ணீர் வடிய வடியப் பின்னாலேயே இறங்கி வருவார். முதல் வருடத்தின் முடிவில் என்னிடம் வந்து கேட்டார்.

"சார், நாலே நாலு டம்ளர் மட்டும் எங்க தோப்புல பொதைச்சு வைக்கட்டா? ஒப்பிட்டுப் பாக்கத்தான்."

"தலைப்புல என்ன இருக்கு? கண்மாய். தோப்புல பொதைச்சா தேர்வாளர் என்னையத்தான் கேப்பாரு."

"சரிங்க சார்."

அந்த நாலு டம்ளருக்கு நான் தலையாட்டியிருந்தால் ஒரே மழையில் எல்லாம் முடிந்திருக்கும். அதனால்தான் தலையாட்டவில்லை.

மூன்று வருடம். அவருடைய களக் குறிப்பேடுகள் ஐந்து. தேதி, இடம், டம்ளரின் எண், எதிரே பச்சை மையில் ஒரு சொல்: இல்லை. அடுத்த வரி, இல்லை. பக்கம் பக்கமாக இல்லை. இந்தத் தொழிலில் "இருக்கிறது" என்று எழுத ஒரு வண்டு போதும். "இல்லை" என்று எழுத எத்தனை நாள் வெயிலில் நிற்க வேண்டும் என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். கடைசி அறிக்கையில் அவர் எழுதியிருந்தார்: "இவ்வண்டு இக்கண்மாயில் வாழ்வதற்கான சான்று இல்லை. முதல் மாதிரி கிடைத்த இடத்தை மறுபரிசீலனை செய்வது நலம்." என் மாணவிகளிலும் மாணவர்களிலும் அவ்வளவு துணிச்சலான வரியை வேறு யாரும் எழுதியதில்லை. அந்த வரியின் ஓரத்தில் நான் சிவப்பு மையில் எழுதினேன்: "தேடல் போதாது. இடம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது."

அன்று மாலை அவர் என் அறைக்கு வந்தார். அந்த வண்டு இருந்த கண்ணாடிப் பெட்டி மேசைமேல் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன் சார். அந்தச் சீட்டு நீங்க அங்கயே வச்சு எழுதுனதுதானே?"

"ஆமா" என்றேன்.

மண்ணைத் துடைத்தது முதல் குற்றம் என்றால், இந்த "ஆமா" அதைவிடப் பெரியது. முதலாவதைச் செய்தபோது எதிரில் ஒரு செத்த வண்டு மட்டும்தான் இருந்தது.

தேன்மொழி ஆராய்ச்சியை விட்டுவிட்டார். பி.எட். முடித்து, ஊர்ப்பக்கமே ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். நான் அந்த வண்டைப் பற்றிக் கூட்டங்களில் பேசினேன். கைதட்டல் வாங்கினேன். ஓய்வு பெற்றேன்.

போன புரட்டாசியில் உங்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். கணக்கெடுப்பு அறிக்கையின் வரைவு கையில் இருந்தது.

"சார், வண்டுப் பகுதிக்கு நீங்கதான் முன்னுரை. இந்தப் பக்கத்த மட்டும் பாத்துக் கையெழுத்துப் போட்டீங்கன்னா பிரிண்டுக்குப் போயிரும்."

படித்தேன். அந்தக் கண்மாயில் நீங்களும் இரண்டு மழைக்காலம் தேடியிருக்கிறீர்கள், கிடைக்கவில்லை. ஆகவே அந்த வண்டு மாவட்டத்திலிருந்து அற்றுப்போய்விட்டதாகக் கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு மேலே இன்னொரு வரி: இதற்கு முன் நடந்த தேடல் போதுமானதாக இல்லை. ஆதாரமாக என் சிவப்பு மைக் குறிப்பு. பக்கத்தில் தேன்மொழியின் பெயர், முழுப்பெயராக, இன்ஷியலோடு.

என் கையெழுத்து விழுந்தால் அந்த வரி அச்சில் நிற்கும். அவர் நின்ற மூன்று வருடமும் அரைகுறை வேலையாகிவிடும். அறிக்கையை அவருடைய பள்ளி நூலகத்துக்கும் அனுப்பத்தான் போகிறீர்கள். அவர் பாடம் சொல்லும் பிள்ளைகளே அதைப் படிப்பார்கள்.

"மை தீந்துருச்சுப்பா" என்றேன்.

"எங்கிட்ட பேனா இருக்கு சார்."

"அடுத்த வாரம் வாங்க."

முழித்துக்கொண்டே போனீர்கள். பெரியவருக்கு மறதி வந்துவிட்டது என்று வாசலில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை கந்தர்வக்கோட்டை பஸ் ஏறினேன். தேன்மொழிக்கு முன்னதாகவே போன் செய்திருந்தேன். "வாங்க சார்" என்றார். ஸ்டாப்பிங்கில் ஸ்கூட்டியோடு நின்றிருந்தார். தலையில் நரை. பின்னால் உட்கார வைத்துத் தோப்புக்கே கூட்டிப்போனார். அவருடைய அம்மா சின்னப்பொண்ணு, சுள்ளி பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தவர், முந்தானையை உதறிக்கொண்டு வந்தார்.

"வாங்க சார். இம்புட்டு தூரம் பஸ்ஸுலயா வந்தீங்க? இங்கிட்டு நெழல்ல உக்காருங்க."

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. சீட்டில்லாத புட்டி, முதல்வரின் போன், சிவப்பு மண், பிரஷ், பென்சில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. தேன்மொழி கேட்டுக்கொண்டே கீழே கிடந்த ஒரு முந்திரி இலையை எடுத்து நரம்பு நரம்பாகக் கிழித்துக்கொண்டிருந்தார். முடித்தேன்.

"தெரியும் சார்" என்றார்.

"எப்ப?"

"அன்னிக்கே. நீங்க ஆமான்னு சொல்றப்ப பெட்டியப் பாத்துச் சொன்னீங்க. என்னையப் பாத்துச் சொல்லல."

"அப்பறம் ஏம்மா நீ கேக்கல?"

"கேட்டு? நீங்க கைடு. நான் ஒங்க ஸ்டூடன்ட். சீட்டு ஒங்க கையெழுத்து. யாருட்ட போயி என்ன கேக்குறது?"

அவர் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

சின்னப்பொண்ணுக்கு இப்போதுதான் விஷயம் பிடிபட்டது. "ஏன்டி, அந்த ஆஸ்பத்திரி வண்டுக்கா மூணு வருசம் அந்தக் கண்மாயில போயி வெயில்ல காஞ்ச? எங்கிட்ட சொல்லியிருந்தா ஒரு நாழியில புடிச்சுக் குடுத்திருப்பேனே!"

"நீ சொன்னத நான் சொன்னேன் ஆத்தா. சார்தான் அது பொன்வண்டுன்னாரு."

"பொன்வண்டு தரையில ஓடுமா?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காலேஜு சாரா அப்படிச் சொன்னாரு?"

"நான்தாம்மா சொன்னேன்" என்றேன்.

"சரிதான்" என்றார் சின்னப்பொண்ணு. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு வந்திருந்த பட்டங்கள் எல்லாம் கழன்று விழுந்தன.

தோப்பில் பாதி, பெரிய புயலில் சாய்ந்து, இப்போது ஒட்டுக்கன்றுகளாக நிற்கிறது. மீதிப் பாதி பழைய மரங்கள். அந்தப் பக்கத்தின் தாழ்ந்த மூலைக்குச் சின்னப்பொண்ணு எங்களைக் கூட்டிப்போனார். மழை பெய்தால் அங்கே மூன்று வாரம் தண்ணீர் நிற்குமாம். கணுக்கால் ஆழம் நின்ற தண்ணீர் வடிந்து, இப்போது ஈர மண்ணின்மேல் மெத்தை போலச் சருகு. அங்கே நின்றபோதுதான் புத்தகத்தின் அந்த வரி எனக்கு உறைத்தது. நீர்க்கரை என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை. எந்த நீர் என்று கேட்காமல் விட்டது நான். வருடம் முழுக்க நிற்கும் நீர் அல்ல. சருகுக்கு அடியில் வந்து, இருந்து, போய்விடும் நீர்.

சின்னப்பொண்ணு குச்சியோடு குனிந்தார். "ஆத்தா, இரு" என்று தேன்மொழி தடுத்தார். ஹேண்ட்பேக்கிலிருந்து ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் எடுத்தார். போனில் பார்த்து இடக்குறி எண்களை எழுதினார். தேதி, நேரம், மண்ணின் நிறம், சருகின் ஆழம். இன்னும் ஒரு இலைகூடப் புரட்டவில்லை. எழுதி முடித்து நிமிர்ந்தார்.

"இப்பப் பொரட்டு."

முதல் குவியலில் மரவட்டை. இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவதைப் புரட்டியதும் அது ஓடியது. இருபது வருடம் அந்த வண்டைப் பற்றி மேடையில் பேசியவன், உயிரோடு அதைப் பார்த்தது அன்றுதான். ஊசியில் இருக்கும் நிறம் ஒன்றுமே இல்லை. ஈரச் சருகின்மேல் செம்பும் பச்சையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போவது போல இருந்தது. சின்னப்பொண்ணு இரண்டு விரலால் லாகவமாக எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாருங்க சார்."

பினாயில். இருபது வருடத்துக்கு முந்தைய அதே சனிக்கிழமை.

"சிரிக்கிறீங்களா அழுகுறீங்களா?" என்று கேட்டார் அவர்.

தேன்மொழி சீட்டில் கடைசி வரியை எழுதினார். பிடித்தவர் பெயர்: சின்னப்பொண்ணு.

"என் பேரையா போடுற? வண்டுக்கா?"

"நீதானே புடிச்ச."

"ரேஷன் கார்டுலதான் தப்பா போட்டுருக்கான். இதுலயாச்சும் ஒழுங்கா எழுது. ரெண்டு சுழி இல்ல, மூணு சுழி."

திரும்பி ஸ்கூட்டிப் பக்கம் நடக்கும்போது தேன்மொழியிடம் பேச்சை எடுத்தேன். திருத்தக் கட்டுரை எழுதப்போகிறேன், முதல் பெயராக உன் பெயரைப் போடுகிறேன் என்றேன். அவர் நின்றார்.

"என் பேர எதுலயும் புதுசா போட வேணாம் சார். அந்தக் கண்மாயில இல்லன்னு நான் எழுதுனேன்ல, அது சரின்னு எழுதுங்க. அது போதும்."

அதைத்தான் செய்தேன். அடுத்த வாரம் நீங்கள் வந்தபோது கையெழுத்துக்குப் பதிலாக நான்கு பக்கம் கொடுத்தேன். உங்கள் இருவரின் முகமும் போன போக்கு எனக்கு மறக்காது. முதலில் என் பதிவை வெளியிட்ட ஆய்விதழுக்கும் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் ஆறு வரி போட்டார்கள். பழைய சகா ஒருவர் போன் செய்து, "இத்தனை வருசம் கழிச்சு இதெல்லாம் தேவையா? நம்ம எல்லார் பேருலயும்ல சந்தேகம் வரும்" என்றார். வரட்டும் என்றேன். வந்தது. என்னுடைய நாற்பது பெட்டிகளையும் நீங்கள் ஒவ்வொன்றாக எடுத்து, என் களக் குறிப்பேடுகளோடு சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தீர்கள். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தேன். தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப் போல இருந்தது. மற்றச் சீட்டுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று நீங்கள் வந்து சொன்னபோது எனக்கு வந்த பெருமை, இந்த வயதில் வாங்கிக்கொள்ளத் தக்கது என்று நினைக்கிறேன். சந்தேகப்பட்டுப் பார்த்த பிறகு கிடைத்தது அது.

தேன்மொழியின் முனைவர் பட்டப் பதிவை மறுபடி உயிர்ப்பிக்க முடியுமா என்று கல்லூரியில் கேட்டேன். காலம் கடந்துவிட்டது என்றார்கள். புதிதாகச் சேரலாம், நான் எல்லோரிடமும் பேசுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ரிவிஷன் இருக்கு சார்" என்றார். இரண்டாம் முறை கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆகவே நான் திருப்பிக் கொடுத்தது ஒரே ஒரு சொல்லைத்தான். உங்கள் அறிக்கையில் குளத்தூர்க் கண்மாய்க்கு நேரே இப்போது "இல்லை" என்று இருக்கிறது. அதற்கு ஆதாரமாக அவருடைய ஐந்து குறிப்பேடுகளும் இருக்கின்றன. தேடல் போதுமானது என்றும் இருக்கிறது. அவர் பள்ளிக்குப் போன பிரதியில் அந்தப் பக்கத்தை மடக்கி வைத்திருப்பதாக உங்களில் ஒருவர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அதைத் தவிர அவரிடமிருந்து எனக்கு எந்தச் செய்தியும் இல்லை.

சின்னப்பொண்ணிடமிருந்து வந்தது. தாழ்ந்த மூலையில் நிற்கும் நாலு மரத்தடியை இனிமேல் கூட்டப் போவதில்லையாம். "அங்கிட்டு உதுர்ற கொட்டை உதுரட்டும், வண்டு பாட்டுக்குக் கெடந்துட்டுப் போகட்டும்னு சாருட்டச் சொல்லு" என்று மகளிடம் சொல்லி, மகள் உங்களிடம் சொல்லி, நீங்கள் என்னிடம் சொன்னீர்கள்.

நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஊசியிலிருக்கும் பழைய சீட்டு எவ்வளவு தப்பாக இருந்தாலும் அதைக் கழற்றக் கூடாது. திருத்தத்தை வேறு சீட்டில் எழுதி, அதற்குக் கீழே குத்த வேண்டும். ஆகவே என்னுடைய வண்டின் அடியில் குளத்தூர் என்ற பொய் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே நான் எழுதியது: "மேலே உள்ள இடம் தவறு. தெரிந்தே எழுதினேன்." என் பெயரும் இருக்கிறது.

அதற்குப் பக்கத்திலேயே சின்னப்பொண்ணு பிடித்த வண்டு. அதன் கீழே ஒரே சீட்டு. தேன்மொழி அதை நேரில் கொண்டுவரவில்லை. பஞ்சு சுற்றி, பள்ளி ஆய்வகத்தின் அட்டைப் பெட்டியில் வைத்து உங்களிடம் கொடுத்தனுப்பினார். என்ன வண்டு என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டு, "பேர் சாரே எழுதட்டும்" என்று சொல்லியிருந்தார். எழுதினேன். எழுதுவதற்கு முன்னால், பழக்க தோஷம், வண்டைப் புரட்டி அவரை விதையைத் தேடினேன். இருந்தது. அதற்கும் வயிற்றுக்கும் நடுவே, குங்குமத் துளி அளவு, சிவப்பு மண்.

பெட்டியை அடுத்து யார் பராமரிக்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. தூசி தட்டுவீர்கள், கற்பூரம் மாற்றுவீர்கள். அந்த மண்ணை மட்டும் துடைத்துவிடாதீர்கள்.